வேலைக்கா? சம்பந்தத்திற்கா?

எந்த ஊர்? தகப்பனார் என்ன செய்கிறார்? சொந்த வீடா, வாடகை வீடா? உடன்பிறந்தோர் எத்தனை பேர்?

சம்பந்தம் பேச வந்தோர் கேட்கும் கேள்விகள் என்றுதானே எண்ணுவீர்கள்? அல்ல, தோழர்களே! பட்டம் பெற்று, வாடிக்கையாளர் பணி மேலாளர் வேலை தேடிச் செல்லும் இளைஞனைப் பேட்டி அறையில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை! வாடிக்கையாளரின் குறையைப் பொறுமையுடன் கேட்பது, கொடுத்த வாக்கைக் குறித்த நாளில் நிறைவேற்றுவது, முறிந்த நம்பிக்கையை மீண்டும் ஒட்டவைப்பது, இவைதாம் அந்த வேலை. இவற்றுள் எதற்குத் தகப்பனாரின் தொழில் தேவைப்படுகிறது? கேட்டால், "குடும்பப் பின்னணி அறிய" என்பர். அந்தப் பின்னணியின் பின்னணியை வரலாற்றிலே தேடுவோம்.

இந்த வேலை நேற்று முளைத்ததன்று. ஐரோப்பியக் கம்பெனிகள் நம் கடற்கரையில் கடை விரித்த நாளில் துபாசிகள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. துரைக்கும் வணிகருக்கும் இடையே நின்று, இரு மொழி பேசி, விலை முடித்து, சரக்கை வரவழைத்து, பிணக்கைத் தீர்த்தவர்கள் அவர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி கனகராய முதலி 1746-இல் மறைந்தார். அந்த இடத்துக்கு யார்? ஆனந்தரங்கப் பிள்ளை வணிகம் அறிந்தவர்; ஆளுநர் துய்ப்ளேயின் நம்பிக்கையைப் பெற்றவர். ஆயினும் எழுந்த கேள்வி, வணிகம் அறிவாரா என்பதன்று, கிறித்தவரா என்பது! மறைந்தவர் கிறித்தவர், ஆகவே வருபவரும் கிறித்தவராக வேண்டும் எனப் பாதிரிமார் வற்புறுத்தினர். இறுதியில் பிள்ளையே அப்பதவியில் அமர்ந்தார். எனினும் அவரும் வழியற்ற வீட்டுப் பிள்ளையல்லர்; அவருடைய உறவினர் நைனியப்பப் பிள்ளை முன்பே அக்கம்பெனியின் தரகராக இருந்தவர். ஒரு பக்கம் மதம் பேசிற்று. மறுபக்கம் உறவு துணை நின்றது. திறமையோ, அழைப்புக்காக வாயிலில் காத்திருந்தது!

இங்கிலாந்து மட்டும் விலக்கா? கம்பெனியின் இயக்குநர்கள் தம் உறவினர்க்கும் நண்பர் வீட்டு மக்களுக்கும் இந்தியப் பதவிகளை விருந்துச் சோறெனப் பரிமாறினர். அந்தச் சலுகையை 1853-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1855-இல் போட்டித் தேர்வு பிறந்தது. விடைத்தாளுக்கு முகம் இல்லை, குலம் இல்லை. 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறினார்; அப்பணிக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். ஆனால், தேர்வு நடந்த இடம் லண்டன்! கப்பலேறப் பணம் படைத்தவனுக்கே அந்த நேர்மை கிட்டியது. 1922-இல்தான் இந்திய மண்ணிலும் அத்தேர்வு நடந்தது.

அரசு இவ்வாறு தாளை நம்பத் தொடங்கியது. வணிகமோ கண்ணை நம்பியது. "ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்பது அதன் வேதம். அந்த வேதத்தைச் சோதித்துப் பார்த்தார் அமெரிக்க உளநூல் அறிஞர் வால்ட்டர் டில் ஸ்காட். விற்பனையாளர் பணிக்கு வந்த 36 பேரை, அனுபவம் மிக்க 6 மேலாளர்கள் தனித்தனியே பேட்டி கண்டு வரிசைப்படுத்தினர். 1915-இல் வெளியான முடிவு என்ன? 36 பேரில் 28 பேரை மேல் பாதியில் வைப்பதா, கீழ்ப் பாதியில் வைப்பதா என்பதில்கூட அவர்களிடையே உடன்பாடு இல்லை! 1922-இல் ஹாலிங்வொர்த் என்ற அறிஞர் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும் அதே கதை. 12 விற்பனை மேலாளர்கள், 57 விண்ணப்பதாரர்கள். ஒருவர் உச்சியில் ஏற்றியவரை மற்றொருவர் அடியில் தள்ளினார். பார்த்தவுடன் தெரிந்தது ஆளின் திறமையன்று. பார்ப்பவரின் விருப்பு வெறுப்பே!

விருப்பும் வெறுப்பும் எங்கிருந்து விளைகின்றன? நம் நாட்டில் அந்த வித்தைத் தூவியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அஜய் ஹாசியா வழக்கைப் பாருங்கள். வேலைக்கன்று, சிறீநகர் பொறியியற் கல்லூரியில் இடத்துக்கு நடந்த பேட்டி அது. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டவையோ பெற்றோர் யார், வீடு எங்கே என்பன. அதற்கு 150-இல் 50 மதிப்பெண்! மூன்றில் ஒரு பங்கைப் பேட்டிக்கு ஒதுக்கியது தகாது, 15 விழுக்காட்டை மீறலாகாது என்றது நீதிமன்றம்.

தனியார் நிறுவனங்களின் கதை 2007-இல் வெளியான ஆய்வுகளில் விரிகிறது. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். மேல்சாதிப் பெயரைவிடத் தலித் பெயருக்கும் முசுலிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. பேட்டி அறைக்கு வெளியிலேயே கதவு சாத்தப்பட்டது! உள்ளே நுழைந்தோர்க்கு? சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் பணியமர்த்தும் மேலாளர்களைக் கண்டு உரையாடினர். சாதி பார்ப்பதில்லை, தகுதியே பார்க்கிறோம் என்றவர்களே குடும்பப் பின்னணி கேட்பது இன்றியமையாதது என்றும் கூறினர். சாதி என்ற சொல் வெளியேறிற்று. சாதி நாற்காலியில் அமர்ந்தே இருந்தது.

"வாடிக்கையாளரோடு பழகும் வேலையாயிற்றே! ஆளைப் பாராமல் எப்படி?" என வினவுவர். பாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால், எல்லோரையும் ஒரே அளவுகோலால் பாருங்கள். நான் பள்ளி ஆசிரியன். ஒரு மாணவனுக்குக் கணக்கும் மற்றொருவனுக்கு அவன் பாட்டன் பெயரும் வினாவாகக் கொடுத்து, இருவருக்கும் ஒரே ஏட்டில் மதிப்பெண் இட்டால் ஊர் என்னைச் சும்மா விடுமா? பேட்டி அறைக்கு மட்டும் அந்த நீதி விலக்கா?

"சரக்கு பத்து நாள் தாமதம். பிழை நம்முடையது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறிக்க முனைகிறார். என்ன செய்வீர்?" இதை வந்தவர் அனைவரிடமும் கேளுங்கள். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்னரே எழுதி வையுங்கள். பேட்டியாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடட்டும். வேலையில் நேரக்கூடிய நிகழ்ச்சியையே வினாவாக்கும் இம்முறையை லேத்தம் முதலிய அறிஞர்கள் 1980-இல் வகுத்துக் காட்டினர். ஒழுங்குபடுத்திய பேட்டி, மனம்போன போக்கில் நடக்கும் பேட்டியைவிடப் பணித்திறனை நன்கு கணிக்கிறது என்பதை 1994-இல் வெளியான தொகுப்பாய்வும் உறுதி செய்தது. இது முதலாளிக்கும் இலாபம்; மறுக்கக் காரணம் என்ன?

"எங்கள் வாடிக்கையாளர் விரும்பமாட்டார்" என்பது கடைசிக் கேடயம். எவரை விரும்பமாட்டார், ஏன் விரும்பமாட்டார் என்று தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கேடயம் தானே கீழே விழும்!

இளைஞர்களே! பேட்டிக்குச் செல்லும்போது நிமிர்ந்து செல்லுங்கள். நாளை மேசையின் மறுபுறம் அமரும் நாளும் உங்களுக்கு வரும். அன்று உங்கள் வாயிலிருந்து "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்ற கேள்வி வராதிருக்கட்டும். எதிரே நிற்பவன் வேலை கேட்டு வந்தவன். பெண் கேட்டு வந்தவனல்லன்!