நீர்க்குறி

ரூபாத் தாளொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நேயர்களே. தாளினுள்ளே ஓர் உருவம் நிழலாடும். அதுவே நீர்க்குறி. இத்தாலியின் பப்ரியானோ ஊர்க் கடதாசிக்காரர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையாண்ட உத்தி அது. கூழ் அள்ளும் சல்லடையிலே கம்பியை வளைத்துத் தைத்துவிடுவர். அவ்விடத்தில் கூழ் மெல்லியதாய்ப் படியும். எந்தப் பட்டறைத் தாள் என்று அக்குறியே சொல்லிவிடும்.

தாளுக்குக் காவல் கிடைத்தது. படத்துக்கு? ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் தம் மர அச்சுப் படங்களில் ஏ, டி என்னும் ஈரெழுத்து முத்திரையைப் பொறித்தார். மார்க்கந்தோனியோ ரைமொண்டி என்ற இத்தாலியர், கன்னி மரியாள் வாழ்க்கைப் படங்களைச் செப்புத்தகட்டில் நகல் வெட்டினார், அந்த முத்திரையையும் சேர்த்தே! டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட்டார் என்றும், முத்திரையை இடலாகாது என்பது மாத்திரமே தீர்ப்பாயிற்று என்றும் வசாரி எழுதிவைத்துள்ளார். நகலுக்குத் தடையில்லை, விந்தையான நீதிதான். 1511இல் அத்தொகுதியை நூலாக்கிய டியூரர், பிறர் உழைப்பைத் திருடுவோரை அதன் இறுதியிலே கடிந்து, பேரரசர் மக்சிமிலியனின் ஆணையைக் காட்டி எச்சரித்தார்.

அமெரிக்காவில் சிகரெட் பெட்டியோடு வந்த ஹோனஸ் வாக்னரின் பேஸ்போல் அட்டையொன்று 2022இல் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோனது. இத்தகைய அட்டைகளைச் சேகரிப்போர் அவற்றைப் படம்பிடித்து இணையத்தில் இடுகின்றனர். அட்டையே கையிலில்லாத ஒருவர் அப்படத்தைக் காட்டிப் பணம் பறிக்கக்கூடும். ஆகவே படத்தின் மீது தம் பெயரை மங்கலாக எழுதுகின்றனர். மூலையில் எழுதினால் வெட்டிவிடலாம். குறுக்கே எழுதினாலோ, அட்டையின் கீறலும் தேய்ந்த ஓரமும் மறைந்து வாங்குபவர் ஐயுறுவார். பெயரும் திகதியும் எழுதிய கடதாசித் துண்டை அட்டையருகே வைத்துப் படம்பிடிப்போரும் உளர்.