கணினி உதைபந்தாட்டமும் பயிற்றுநர் வியூகமும்

கணினியில் உதைபந்தாடுதல் வேறு. அணியொன்றை நிருவகித்தல் வேறு. 1982 இல் இங்கிலாந்தில் கெவின் ரோம்ஸ் வெளியிட்ட 'புட்போல் மனேஜர்' பின்னையதைப் பரவலாக்கியது. 1992 இல் கொலியர் சகோதரர் ஆக்கிய 'சம்பியன்ஷிப் மனேஜர்' அதனை விரிவுபடுத்தியது. எனினும், இவற்றில் பயிற்றுநரின் எதிராளி பெரும்பாலும் கணினியே.

இணையத்தில் இந்நிலை மாறியது. 1997 இல் சுவீடனில் தோன்றிய 'ஹற்ரிக்' இதற்குத் தக்க சான்றாகும். அதில் மனிதரோடு மனிதர் பொருதுவர். பிரிவொன்றில் 8 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 14 லீக் ஆட்டங்கள். பருவமோ 16 வாரங்கள். வாரத்தில் ஒரு வகைப் பயிற்சியையே தெரிவுசெய்யலாம். முழு மூச்சுடன் போராடுமாறு பணித்தால் அணியின் உளவுறுதி பின்னர் தாழும். அடக்கி ஆடப் பணித்தால் உயரும். எனவே, இன்றைய வெற்றிக்கு நாளைய வலிமையே விலையாகின்றது. வியூகம் என்பது ஓர் ஆட்டத்துக்கு அன்றிப் பருவம் முழுவதற்கும் உரியதாயிற்று.

பருவ இறுதி மீளாய்வின் சிறப்பும் இதனாலேயே விளங்கும். ஆட்ட முடிவில் தற்செயலுக்கும் பங்குண்டு. தோற்ற ஆட்டத்தின் வியூகம் சரியானதாகவும், வென்ற ஆட்டத்தினது பிழையானதாகவும் இருத்தல் கூடும். நடுக்கள ஆதிக்கம் எவரிடம் இருந்தது, வாய்ப்புகள் எவ்வழி பிறந்தன, பயிற்சி எவருக்குப் பயன்பட்டது என ஆராய்வோனே தன் தீர்மானத்தையும் தற்செயலையும் பிரித்தறிவான். சில தோல்விகளோடு பயிற்றுநரை நீக்கும் மெய்யுலகக் கழகங்கள் பல இந்நிதானத்தைக் கைக்கொள்வதில்லை. புள்ளிப்பட்டியல் முடிவைக் கூறும்; தீர்மானத்தின் தரத்தைக் கூறாது.