சீரீஸ்: கோள் தகுதியின் வரலாறு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் வான்பொருள். விட்டம் ஏறத்தாழ 940 கி.மீ. முதலில் கோளாகவும் பின்னர் சிறுகோளாகவும் கொள்ளப்பட்டது. 2006 முதல் குறுங்கோள்.

கோள்களின் தொலைவில் ஓர் ஒழுங்கைக் கண்ட டைட்டியஸ்–போடே விதிப்படி, சூரியனிலிருந்து 2.8 வானியல் அலகு தொலைவில் ஒரு கோள் இருந்திருக்க வேண்டும். அதைத் தேட 1800இல் ஜெர்மானிய வானியலாளர்கள் ஒரு குழு அமைத்தனர்.

கண்டவரோ அதைத் தேடியவர் அல்லர். சிசிலித் தீவின் பலெர்மோ வான்காணகத்தில் விண்மீன் பட்டியல் தயாரித்துவந்த பாதிரியார் ஜூசெப்பே பியாசி, 1801 ஜனவரி 1 இரவு ரிஷப மண்டலத்தில் ஒரு மங்கிய புள்ளியைக் குறித்தார். எந்த விண்மீனையும் ஓரிரவு அளந்ததோடு விடாமல் மறு இரவுகளிலும் அளப்பது அவர் வழக்கம். புள்ளி நகர்வது அதனால்தான் தெரிந்தது. வால்மீன் என்றே அவர் வெளியில் அறிவித்தார். மிலானிலிருந்த நண்பர் ஒரியானிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், வால்மீனைவிட மேலானதாக இருக்கலாம் என்றார். பிப்ரவரி 11க்குப்பின் நோயால் அவரது பதிவுகள் நின்றன. அப்புள்ளியான சீரீஸும் சூரிய ஒளியில் மறைந்தது. இருந்த சில அளவீடுகளைக்கொண்டே 24 வயது கணிதவியலாளர் காவுஸ் அதன் பாதையைக் கணித்தார். கணித்த இடத்தருகே டிசம்பர் 31 அன்று வானியலாளர் ஃபான் சாக் அதை மீண்டும் கண்டார். வானியல் கணக்கின் வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் மிகச் சில.

1802இல் பாலஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என அதே வெளியில் மேலும் மூன்று கிடைத்தன. இவற்றைக் கோள்களோடு சேர்க்கலாகாது என 1802இலேயே வானியலாளர் ஹெர்ஷல் வாதிட்டார், பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1845இல் அஸ்ட்ரேயா கண்டறியப்பட்டபின் எண்ணிக்கை பெருகவே, வானியல் ஆண்டேடுகள் அவற்றைத் தனியே பிரித்து எண்ணிட்டன. சீரீஸ் கோள் தகுதியை இழந்தது அப்போதே என்பது பரவலான கருத்து. ஆய்விதழ்களில் சிறுகோள்களும் 1950கள் வரை கோள்களாகவே கருதப்பட்டன என்று அண்மையில் சிலர் வாதிடுகின்றனர்.

பிராகா நகரில் 2006 ஆகஸ்டில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் முதல் வரைவு சீரீஸை மீண்டும் கோளாக்க முன்மொழிந்தது. 24ஆம் தேதி நிறைவேறிய வரையறையோ, சூரியனைச் சுற்றுதல், ஈர்ப்பால் உருண்டையாதல் ஆகியவற்றோடு தன் பாதைச் சுற்றுப்புறத்தைப் பிற பொருள்கள் இன்றித் துப்புரவாக்கியிருத்தலையும் கோரியது. சிறுகோள்களுக்கிடையே சுற்றும் சீரீஸ் இம்மூன்றாவதில் தவறிக் குறுங்கோள் ஆனது. இந்நிபந்தனை குறித்த விவாதம் தொடர்கிறது.

2015 முதல் 2018 வரை டான் விண்கலம் இதைச் சுற்றி ஆய்ந்தது. சிறுகோள் பட்டியலில் சீரீஸின் எண் இன்றும் 1.