மீன் கருவில் செல் பகுப்புக் கட்டுப்பாடு

கருவுற்ற மீன் முட்டையில் முதல் சில மணி நேரம் நடக்கும் செல் பகுப்பைக் கருவின் சொந்த மரபணுக்கள் நடத்துவதில்லை. தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்த புரதங்களும் ஆர்.என்.ஏ.க்களுமே நடத்துகின்றன. தவளை, பழ ஈ, கடல் முள்ளெலி ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். பாலூட்டிகளில் பொறுப்பு விரைவில் கைமாறுகிறது: சுண்டெலியில் 2 செல் நிலையிலும், மனிதரில் 4 முதல் 8 செல் நிலையிலும் கருவின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

பிளவிப்பெருகல்

திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வாழும் கெண்டைகளுக்கும், ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீனுக்கும் பிளவுமுறை ஒன்றே. மஞ்சள் கரு பிளவுபடாது. அதன் மேல்முனையில் உள்ள சைட்டோபிளாசத் தட்டு மட்டுமே பிளக்கும். வரிக்குதிரை மீனில், 28.5 டிகிரி செல்சியஸில், முதல் பிளவு சுமார் 45 நிமிடத்தில் நிகழ்கிறது. பின்னர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2, 4, 8, 16 என்று எல்லாச் செல்களும் ஒருசேரப் பிளக்கின்றன. இடையில் வளர்ச்சிக் கட்டம் கிடையாது, டி.என்.ஏ. இரட்டித்ததும் செல் பிளக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் செல்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன.

பத்தாவது சுற்றையொட்டி, ஏறத்தாழ 3 மணி நேரத்தில், வேகம் குறைந்து ஒத்திசைவு கலைகிறது. இதுவே நடு பிளாஸ்டுலா மாற்றம். சைட்டோபிளாசத்தின் அளவு மாறாதிருக்க டி.என்.ஏ. மட்டும் பெருகுவதால் தாய்வழிக் கையிருப்பு போதாமல் போவதே இதற்குக் காரணம்.

ஆய்வு வரலாறு

1971இல் யோஷியோ மசூயியும் கிளெமென்ட் மார்க்கெர்ட்டும், முதிர்ந்த தவளை முட்டையின் சைட்டோபிளாசத்தை முதிராத முட்டைக்குள் செலுத்தினர். அது முதிர்ச்சி அடைந்தது. இதைத் தூண்டிய பொருள் எம்.பி.எஃப். எனப் பெயர் பெற்றது. 1982ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட், கதிரியக்க மெத்தியோனின் சேர்த்த கடல் முள்ளெலி முட்டைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவந்தார். மற்ற புரதங்கள் சீராகக் கூடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் பிளவின்போது சட்டென மறைந்து மீண்டும் சேர்ந்தது. அதுவே சைக்ளின். எம்.பி.எஃப். என்பது சைக்ளினும் சிடிகே1 நொதியும் இணைந்த கூட்டு என்பது பின்னர் உறுதியானது. சைக்ளின் சேர்ந்தால் செல் பிளவுக்குள் நுழையும், சிதைந்தால் வெளியேறும். 2001 நோபல் பரிசு லேலண்ட் ஹார்ட்வெல், ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் கிடைத்தது. வழியைத் திறந்துவைத்த மசூயிக்கு அதில் பங்கில்லாமல் போனது பெருங்குறையே.

மதுரை ஆய்வுகள்

இக்கட்டுப்பாட்டைக் கைவசப்படுத்துவதில் தமிழ்நாட்டின் சிறந்த பங்களிப்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியன் குழுவினருடையது. பிளவு நேரத்தில் முட்டையைச் சில நிமிடம் சூடான நீரில் வைத்தால் கதிர்கோல் இழைகள் குலைகின்றன. கருவுற்ற உடனே இதைச் செய்தால் இரண்டாம் துருவச் செல் வெளியேறாமல் மும்மடிக் குரோமோசோம் மீன் உருவாகிறது. முதல் பிளவின்போது செய்தால் குரோமோசோம்கள் இரட்டித்தும் செல் பிரியாமல் நின்றுவிடுகிறது. நேரம் சற்றுத் தவறினாலும் பலன் கிட்டாது. பாண்டியனும் ஆர். கோடீஸ்வரனும் 1998இல் இத்துறையைத் தொகுத்து எழுதிய ஆய்வுரை பலராலும் எடுத்தாளப்படுகிறது.

எஸ். கிரண்குமாரும் பாண்டியனும் ஒருபடி மேலே போனார்கள். புலிக்கெண்டையின் முட்டையில் இருந்த தாய் மரபணுக்களைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்தனர். இறந்தபின் உறைநிலையில் வைத்திருந்த ரோஸி பார்ப் மீனின் விந்தணுவை அதனுடன் சேர்த்தனர். முதல் பிளவை வெப்பத்தால் தடுத்து, ரோஸி பார்ப் மீனையே மீட்டெடுத்தனர். இது 2004இல் வெளியானது. முட்டை ஓர் இனத்தினுடையது, மரபணு வேறோர் இனத்தினுடையது. ஆயினும் அதன் பின்வந்த தொடக்கப் பிளவுகள் தடையின்றி நடந்தன. தாயின் கையிருப்பே அவற்றை நடத்துகிறது என்பதோடு இது ஒத்துப்போகிறது. காவிரிப் படுகைக்கே உரியதும் 2018 முதல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டதுமான கூன்முதுகு மகசீர் போன்ற மீன்களின் விந்தணுவைச் சேமித்து வைப்பதற்கும் இந்த மீட்பு முறையே தக்க காரணம்.

இன்றைய நிலை

பெங்களூரு, புனே, மும்பை ஆய்வகங்களில் முறையே புழு, பழ ஈ, வரிக்குதிரை மீன் கருக்களைக் கொண்டு ஆய்வுகள் தொடர்கின்றன.