தொழுகையை எங்கும் செய்யலாம்... அப்புறம் பள்ளிவாசல் எதற்கு? எளிய விளக்கம்

தொழுகையைத் திறந்தவெளி உட்பட எங்கு வேண்டுமானாலும் நிறைவேற்றலாம், மசூதி இஸ்லாமிய மத நடைமுறையின் இன்றியமையாத பகுதி அல்ல. 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து இது. 24 ஆண்டுகள் கழித்து 2018-லும் இது நீதிமன்றத்தில் பெரிய விவாதமானது.

இதில் முதல் பாதியை மார்க்க அறிஞர்களும் ஏற்கிறார்கள். இரண்டாம் பாதியில்தான் சிக்கலே. ஏன் என்று பார்ப்போம்.

ஐவேளைத் தொழுகை என்றால் என்ன?

கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகிய ஐந்தும் இஸ்லாத்தின் அடிப்படைக் கடமைகள். நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம். ஜகாத்தும் ஹஜ்ஜும் வசதி இருப்பவர்களுக்கு மட்டும். ஆனால் தொழுகை அப்படியில்லை. ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல், பருவமடைந்த எல்லோருக்கும் தினமும் ஐந்து வேளையும் கடமை.

பஜ்ர் (சுபுஹு) 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4 என ஒரு நாளைக்கு மொத்தம் 17 ரக்அத்கள் கட்டாயம். நிற்பது, குனிவது, நெற்றி தரையில் பட சஜ்தா செய்வது எல்லாம் சேர்ந்தது ஒரு ரக்அத்.

நேரத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கடிகாரம் அல்ல, சூரியன்தான் கணக்கு. கிழக்கு வெளுத்ததில் இருந்து சூரியன் உதிக்கும் வரை பஜ்ர். உச்சியில் இருந்து சூரியன் சாய்ந்ததும் லுஹர். பிற்பகலில் அஸர். சூரியன் மறைந்ததும் மஃரிப். அந்தி வெளிச்சம் முழுசா போனதும் இஷா. அதனால்தான் பாங்கு நேரம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு வேறு வேறு நேரத்தில் கேட்கிறதா? அது தவறு இல்லை. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் போக அதன் உயரம் அளவுக்கு நீண்டதும் அஸர் தொடங்கிவிடும் என்பது ஷாஃபி மத்ஹபின் கணக்கு. நிழல் இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பரவலான கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மத்ஹபைப் பின்பற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

எங்கும் தொழலாமா?

தொழலாம். ஒளு செய்து, இடம் சுத்தமாக இருந்து, மெக்காவில் உள்ள கஅபாவின் திசையை நோக்கி நின்றால் போதும். வீடு, வயல், ரயில் நிலையம் என எங்கும் தொழலாம். நம்ம ஊரில் இருந்து கஅபா மேற்கே, சற்று வடக்குப் பக்கம் சாய்ந்து இருக்கிறது.

தண்ணீர் கிடைக்கவில்லையா? சுத்தமான மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யலாம். நிற்க முடியாத நோயாளி உட்கார்ந்தோ, படுத்தோ தொழலாம். பயணத்தில் இருப்பவர் 4 ரக்அத் தொழுகையை 2 ஆகச் சுருக்கிக்கொள்ளலாம். இத்தனை சலுகைகளும் எதற்காக? எந்த நிலையிலும் தொழுகை விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அப்படியென்றால் பள்ளிவாசல் எதற்கு?

'மஸ்ஜித்' என்ற அரபுச் சொல்லுக்கு சஜ்தா செய்யும் இடம் என்று பொருள். 622-ல் மெக்காவில் இருந்து புலம்பெயர்ந்த நபிகள் நாயகம், முதலில் குபாவிலும் அடுத்து மதீனாவிலும் பள்ளிவாசல் அமைத்தார். தொழுகைக்கு மட்டுமல்ல, ஆலோசனை, கல்வி, வெளியூர்த் தூதர்களின் சந்திப்பு எல்லாவற்றுக்கும் மதீனா பள்ளிவாசலே இடமாக இருந்தது.

தனியாகத் தொழுவதைவிட ஜமாஅத்தாக, அதாவது கூட்டாகத் தொழுவதற்கு 27 மடங்கு நன்மை என்கிறது ஒரு நபிமொழி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையைத் தனியாகத் தொழவே முடியாது. அதற்குக் குறைந்தது 40 ஆண்கள் வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். ஹனஃபியில் இமாமைத் தவிர மூன்று பேர் போதும்.

வரிசையில் யாருக்கும் தனி இடம் கிடையாது. முதலில் வந்தவர் முன்னால் நிற்பார். முதலாளியின் தோளும் அவர் கடைப் பையனின் தோளும் ஒட்டி நிற்கும். இமாம் தொழுகையை முன்நின்று நடத்துபவர் மட்டுமே, இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் தரகர் அல்ல.

தமிழ்நாட்டில் பள்ளிவாசலைச் சுற்றித்தான் ஜமாஅத் என்ற ஊர் அமைப்பே இயங்குகிறது. நிக்காஹ் பதிவாவது ஜமாஅத்தின் தப்தரில். பிள்ளைகள் குர்ஆன் ஓதப் படிப்பது மதரசாவில். ஒருவர் இறந்தால் உடலைச் சுமக்கும் சந்தூக் பள்ளிவாசலில் இருந்துதான் வரும். ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் அங்கேதான். அதற்கு அரசு பச்சரிசி வழங்கி வருகிறது.

பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகலாமா?

போகலாம். கூட்டுத் தொழுகையும் ஜும்ஆவும் பெண்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் பள்ளிவாசலுக்குள் வரத் தடையும் இல்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நடைமுறையில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாத பள்ளிவாசல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

நீதிமன்றத்தில் என்ன ஆனது?

1994-ல் வந்தது இஸ்மாயில் ஃபரூக்கி வழக்கு. அயோத்தியில் சர்ச்சைக்குரிய நிலத்தையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் மத்திய அரசு கையகப்படுத்தியது செல்லுமா என்பதே கேள்வி. மற்ற மத வழிபாட்டு இடங்களைப் போல மசூதி நிலத்தையும் அரசு கையகப்படுத்தலாம் என்று சொல்லும்போதுதான் அந்தக் கருத்து இடம்பெற்றது.

அதைப் பெரிய அமர்வு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 2018 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் நிராகரித்தது. நிலம் கையகப்படுத்தும் சூழலில் மட்டுமே அந்தக் கருத்தைப் பார்க்க வேண்டும் என்றனர் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவும் நீதிபதி அசோக் பூஷணும். மத நம்பிக்கைகளை விரிவாக ஆராயாமல் சொல்லப்பட்ட கருத்து அது, பெரிய அமர்வே முடிவு செய்யட்டும் என்றார் நீதிபதி எஸ்.அப்துல் நசீர்.

எங்கும் தொழலாம் என்பது பயணிக்கும் நோயாளிக்கும் வயலில் நிற்பவருக்கும் கொடுத்த வசதி. அதையே பள்ளிவாசல் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டும்போதுதான் இஸ்லாமியர்கள் ஆட்சேபிக்கிறார்கள். தொழுகை தனிமனிதரின் கடமை. ஆனால் ஜும்ஆவும் ஜமாஅத்தும் தனிமனிதரால் நடத்த முடியாதவை. அவற்றுக்கு நிலையான ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களின் வாதம்.