கிட் போடப் போய் ஃபைல் மேனேஜர் வந்த கதை

"டெபியன்ல 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கிட்'னு அடிக்காதே, 'கிட்-கோர்'னு அடி." 2010 வரைக்கும் லினக்ஸ்ல பொட்டி தட்டின ஆளுங்க எல்லாருக்கும் இது மனப்பாடம். ஏன் அப்படின்னு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 'அது அப்படித்தான், போடு' என்பதோடு முடிஞ்சுடும். ஆனா அந்த ரெண்டெழுத்து 'கோர்' பின்னாடி ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு மக்களே.

நிரல் எழுதாத நண்பர்களுக்கு ஒரு வரி: கிட் என்பது கோப்புகளின் பழைய வடிவங்களை எல்லாம் ஞாபகம் வச்சு, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு சொல்லும் மென்பொருள். பொத்தான் கித்தான் எல்லாம் கிடையாது, டெர்மினலில் கட்டளை அடிச்சுத்தான் வேலை வாங்கணும்.

2007-ல் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மாப்ள, கிட் போட்டேன்டா. ஓட்டினா ரெண்டு பக்கமும் கோப்புப் பட்டியலோட நார்ட்டன் கமாண்டர் மாதிரி ஏதோ வருது. வைரஸா?" வைரஸ் எல்லாம் இல்லை. அவன் போட்டதும் கிட் தான். ஆனா வேற கிட்!

அந்தக் கிட்டோட முழுப்பெயர் 'க்னூ இன்டராக்டிவ் டூல்ஸ்'. டுடோர் ஹுலுபெய், ஆந்த்ரெய் பிட்டிஷ் என்ற ரெண்டு ருமேனியாக்காரர்கள் 1990களில் எழுதிய கோப்பு மேலாளர். முதலெழுத்துக்களைச் சேர்த்தா கிட். டெபியனில் அந்தப் பெயரில் பொதியும் இருந்துச்சு. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 'எட்ச்'சிலும் 'கிட்'னு கேட்டா அதுதான் வரும். லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினது வேணும்னா 'கிட்-கோர்'.

சரி, லினஸ் ஏன் ஏற்கெனவே இருக்கிற பெயரை வச்சார்? அதுக்கு 2005-க்குப் போகணும்.

லினக்ஸ் கர்னல் குழு 2002-லிருந்து பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க. லாரி மெக்வோயின் கம்பெனி தயாரிப்பு, காசுக்கு விற்கிற சரக்கு. திறமூலக்காரர்களுக்கு இலவசம், ஆனா ஒரு நிபந்தனை: இதைப் பயன்படுத்துறவங்க இதுக்குப் போட்டியா எதையும் எழுதக் கூடாது. (இந்த நிபந்தனையைப் பார்த்து அப்பவே பலர் பல்லைக் கடிச்சாங்க.) சாம்பா எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோட பேசுறதுக்குத் தனியா ஒரு நிரல் எழுத ஆரம்பிச்சார். மெக்வோய் கோபப்பட்டு 2005 ஏப்ரலில் இலவச உரிமத்தை நிறுத்திட்டார். ட்ரிட்ஜெல் பெரிய மாயாஜாலம் ஏதும் பண்ணலை. அந்த மாசமே கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் அவரே செஞ்சு காட்டினார்: டெல்நெட் போட்டு சர்வருக்குள்ள போய் 'ஹெல்ப்'னு அடிச்சார். அதுவே தன் கட்டளைகளை எல்லாம் வரிசையாச் சொல்லிடுச்சு :-))

கர்னல் குழு நடுத்தெருவில். லினஸ் ஏப்ரல் 3-ம் தேதி எழுத ஆரம்பிச்சு, 7-ம் தேதி கிட்டை கிட்டுக்குள்ளேயே சேமிச்சார். ஜூனில் வந்த கர்னல் 2.6.12 கிட்டில் உருவானது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ கையில் கொடுத்தார்.

அந்த முதல் சேமிப்பில் இருந்த ரீட்மீ கோப்பு தான் இங்க முக்கியம். பெயருக்கு லினஸ் கிண்டலாப் பல விளக்கம் கொடுக்கிறார். அதில் ஒண்ணு: உச்சரிக்க முடிகிற ஏதோ மூணெழுத்து, பரவலான யூனிக்ஸ் கட்டளை எதுக்கும் இந்தப் பெயர் இல்லை. 'பரவலான' என்ற சொல்லைக் கவனிங்க. கட்டளையே இல்லைன்னு அவர் சொல்லலை, பரவலானது இல்லைன்னு தான் சொல்றார். தெரிஞ்சே போட்டாரா, தெரியாமப் போட்டாரா என்பதை உங்க ஊகத்துக்கே விடறேன்.

இதில் இன்னொரு விஷயம். அன்றைக்கு 'கிட்' என்று ஒரு கட்டளையே கிடையாது! இனிட்-டிபி, அப்டேட்-கேஷ், ரைட்-ட்ரீ என்று ஏழு குட்டி நிரல்கள், அவ்வளவுதான். அடித்தளத்தை மட்டும் தான் போட்டுடறேன், மேல்கட்டுமானத்தை மத்தவங்க எழுதிக்கட்டும் என்பது லினஸோட திட்டம். பெட்ர் பௌடிஸ் கோஜிடோன்னு ஒண்ணை மேலே கட்டவும் செய்தார். அதனால அடித்தளத்துக்கு 'கிட்-கோர்' என்ற பெயர் இயல்பாவே பொருந்துச்சு. டெபியன்காரங்க சண்டையைத் தவிர்க்க அதையே பொதிக்கு வச்சாங்க.

அப்புறம் கிட் வளர்ந்த வளர்ச்சி எல்லாருக்கும் தெரியும். ருமேனியக் கிட்டோ 1990களின் கடைசியிலிருந்தே பராமரிக்க ஆளில்லாமல் கிடந்தது. பின்னால் ஒருத்தர் எடுத்துத் தூசி தட்டினப்போ, அவரே 'க்னுயிட்' என்று பெயரை மாத்திட்டார். மூத்தவர் தான் விட்டுக் கொடுக்க வேண்டி வந்துச்சு. சட்டமா பார்த்தா அநியாயம் தான். ஆனா உலகமே வேற ஒருத்தனை அந்தப் பெயரில் கூப்பிட ஆரம்பிச்ச பிறகு என்ன பண்றது?

இங்க டெபியன்காரங்க செஞ்சது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெயரை உடனே பிடுங்கி லினஸ் கிட்டுக்குக் கொடுக்கலை. கொடுத்திருந்தா, பழைய கோப்பு மேலாளரை வச்சிருந்த யாரோ ஒரு அப்பாவி மேம்படுத்தும்போது, அது காணாமல் போய் சம்பந்தமே இல்லாத ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கும். அதனால 2009-ல் வந்த 'லென்னி'யில் 'கிட்' வெறும் கைகாட்டிப் பொதி: கேட்டா க்னுயிட்டைக் கொண்டு வரும். 2011 பிப்ரவரியில் வந்த 'ஸ்க்வீஸ்'சில் தான் பெயர் கை மாறிச்சு. எத்தனை பேர் அந்தக் கோப்பு மேலாளரைப் பயன்படுத்தினாங்களோ, கொஞ்சப் பேரா தான் இருக்கணும். அவங்களுக்காக மத்த எல்லாரும் கூட ஒரு 'கோர்' சேர்த்து அடிச்சாங்க. 'முட்டாள்தனம்'னு அப்போ திட்டினவங்க நிறைய. எனக்கு அது மரியாதையாத் தான் தெரியுது.

மாற்றத்தை இப்படிப் பொறுமையாச் செய்யாட்டி என்ன ஆகும்னு கிட்டே காட்டுச்சு. நடுவில் அந்தக் குட்டி நிரல்கள் பெருகி, கிட்-கமிட், கிட்-லாக் என்று நடுவில் கோடு போட்ட கட்டளைகள் நூத்துக்கு மேல ஆயிடுச்சு. 2008 ஆகஸ்டில் வந்த 1.6.0-வில் அவற்றைப் பொதுப் பாதையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினாங்க. முன்னாடியே சொல்லித்தான் செஞ்சாங்க. ஆனா வெளியீட்டுக் குறிப்பை யாரு படிக்கிறா? மேம்படுத்தின மறுநாள் பழைய ஸ்கிரிப்ட் எல்லாம் 'கட்டளையைக் காணோம்'னு படுத்துக்கிச்சு. கோட்டை எடுத்துட்டு இடைவெளி விட்டா வேலை முடிஞ்சுது. அது தெரியாம கிட்டைக் கழட்டி மாட்டிப் பார்த்தவங்க எத்தனை பேரோ! உள்ளே தள்ளின அடைவோட பெயர் என்ன தெரியுமா? 'கிட்-கோர்'. இன்னைக்கும் உங்க லினக்ஸ் பொட்டியில் தேடிப் பாருங்க, இருக்கும்.

மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்தா ஒரு சின்னக் குழப்பம் வரும். வெறும் 'மேக் இன்ஸ்டால்' போட்டா அது உங்க வீட்டு அடைவுக்குள்ள இருக்கிற 'பின்'னில் போய் உட்காரும், பொது இடத்தில் இல்லை. முதலில் இருந்த ஒரே ஒரு ஆள், தன் பொட்டியில் தனக்காகப் போட்டுக்கிட்ட காலத்துப் பழக்கம். ஏற்கெனவே பொதி வழியா ஒண்ணு இருந்தா இப்போ ரெண்டு கிட். புதுசு போட்டும் பழைய வெர்ஷன் எண்ணையே காட்டுதுன்னா 'டைப் -ஏ கிட்' அடிச்சுப் பாருங்க, ரெண்டு பாதையும் தெரியும். பாதை சரியா இருந்தும் பழசே வந்தா, பாஷ் பழைய இடத்தை ஞாபகம் வச்சிருக்குன்னு அர்த்தம். 'ஹாஷ் -ஆர்' அடிச்சா மறந்துடும்.