பின்னால் அடுப்பைச் சுமந்த பஸ்



நேற்றுக் காலை எங்கள் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் பம்ப் பழுது. இரண்டு மெக்கானிக்குகள் வியர்க்க விறுவிறுக்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, வரிசையில் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு என் தாய்மாமா ஞாபகம் வந்தது. 15 வயதில் மதுரையில் கரி பஸ் கிளீனராக இருந்தவர் அவர்.

கரி பஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு நமக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெருமளவில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தன. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. எண்ணெய் அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று ரங்கூன் அருகே சிரியத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலையை ஆங்கிலேயர்களே தகர்த்தார்கள். ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய் வயல்களுக்கும் அதே கதி. பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தது எல்லோருக்கும் தெரியும். அதே நேரத்தில் நம் ஊர் பஸ்களின் வயிறும் காய்ந்த கதை அவ்வளவாகத் தெரியாது. பெட்ரோலுக்கு ரேஷன். கூப்பனில் கிடைத்ததை வைத்துக்கொண்டு தினசரி பஸ் ஓட்ட முடியாது.

அப்போது கைகொடுத்தது அடுப்புக்கரி. 1912-ல் பஸ் தொழிலில் இறங்கி, மதுரையைத் தன் தொழிலுக்குத் தலைமையிடமாக்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், யுத்த காலத்தில் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்ற கருவியைத் தயாரித்தார். இந்த முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஜெர்மனியில் மட்டும் யுத்த முடிவில் சுமார் 5 லட்சம் வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின என்பார்கள்.

பஸ்ஸின் பின்புறம் வெந்நீர் பாய்லர் மாதிரி ஒரு உருளை நிற்கும். மேலே கரியைக் கொட்டி, கீழே தீ மூட்டுவார்கள். காற்றை அளவாகவே விடுவதால் கரி முழுதாக எரியாது. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதைக் குழாய் வழியே குளிரவைத்து, சாம்பல் தூசி போக வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சுமார் ஒன்றரை கிலோ கரி வேண்டும். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

பொழுது விடியும் முன்பே மாமா எழுந்து தீ மூட்ட வேண்டும். காற்று ஊதும் விசிறியின் கைப்பிடியை அரை மணி நேரம் சுற்றினால்தான் எஞ்சின் கிளப்புகிற அளவுக்கு வாயு சேரும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் வண்டி முனகும். “எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கய்யா” என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். டிக்கெட் வாங்கியவர்களே தள்ளுவார்கள்.

வழியில் கிட்டம் கட்டி அடைத்துக்கொள்ளும். வடிகட்டி தூர்ந்துபோகும். மூடியில் இடுக்கு விட்டால் களிமண்ணை அப்பி, ஈரச் சாக்கைச் சுற்றுவார்கள். இன்று பங்க்கில் மெக்கானிக் வந்து செய்கிற அவசர ரிப்பேரை, அன்று நடுரோட்டில், கொதிக்கிற இரும்பின் முன்னால் நின்று ஒரு சிறுவன் செய்தான்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சில் ஏறினால் ரத்தத்தில் பிராணவாயு போக வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் செக்கானூரணிப் பக்கம் கரி போட மூடியைத் திறந்த மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். புளியமரத்தடியில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். கண் விழித்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, “தீ அணையலையே?” இதைச் சொல்லும்போது மாமா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

1945-ல் யுத்தம் முடிந்தது. மெல்ல மெல்லப் பெட்ரோல் திரும்பியது. உருளைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கருவி செய்தவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைப்பிடியைச் சுற்றிய பையன்கள் எத்தனை பேர், யார் யார் என்று எந்த ஏட்டில் இருக்கிறது? முப்பது வருஷம் வகுப்பில் இரண்டாம் உலக யுத்தம் நடத்தினேன். ஹிட்லரும் சர்ச்சிலும் வந்தார்கள். என் மாமாவை ஒரு நாளும் கூப்பிடவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

நேற்று பம்ப் சரியானதும் அந்த இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கரி பஸ்ஸில் போயிருந்தால், தள்ளியிருந்தால், இன்றே கேட்டு இங்கே எழுதுங்கள். நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.